தொட்டியில் கொழுத்த கடல்பஞ்சு

சிரிங்க சிரிங்கன்னு இன்னும் எத்தனை தடவைதான் சொல்வீங்க? கேமராவை நீட்டினா வர்ற சிரிப்பு இல்லீங்க என்னோடது. அப்புறம் இந்த அக்கா கிக்கால்லாம் வேண்டாம். மேடம்னே கூப்பிடுங்க, போதும்.

ஆமா, தொட்டிக்குள்ள இருக்கிறது அதுதான். கடல்பஞ்சு. செடி இல்லீங்க, பிராணி. ஓடத் தெரியாது, கடிக்கத் தெரியாது, பாறையில ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். மீன் தின்னாம இருக்க உடம்புக்குள்ள ஒரு விஷத்தைச் சுரந்து வெச்சிக்கும். அந்த விஷம்தான் எங்களுக்கு மருந்து. புற்றுநோய்க் கட்டியைச் சுருக்குது. ஆஸ்பத்திரியில நாலஞ்சு பேருக்குப் போட்டுப் பார்த்தோம். படுத்தே கிடந்தவங்க எழுந்து நடந்தாங்க. அட, நானே முதல்ல நம்பலைங்க.

கொழுகொழுன்னு இருக்கா? இருக்காதா பின்னே! சுத்தமான தண்ணி, வேளாவேளைக்குத் தீனி, கடிக்க வர்றதுக்கு ஒரு மீன் கிடையாது. புது மாப்பிள்ளை கணக்கா வெச்சிருக்கோம். எல்லாம் எங்க டைரக்டர் யோசனை. எதுக்குச் சும்மா சும்மா கடலுக்கு ஓடணும், மொத்தத்தையும் பேர்த்துக் கொண்டாங்க, இங்கயே பெருக்கிக்கலாம்னாரு. மீட்டிங்ல ஒரே கைத்தட்டல். பாறையை வழிச்சு எடுத்தாச்சு.

நல்லாத்தான் வளர்ந்துச்சு. வெட்டிப் பிழிஞ்சு பார்த்தா மருந்து இல்லை. சொட்டுக்கூட இல்லை. ஏனா? பயமே இல்லாத இடத்துல அது எதுக்குங்க விஷத்தைச் சுரக்கணும்?

மீனை உள்ள விட்டுப் பார்க்கலாமேன்னுதானே கேக்கறீங்க? வேற ஒரு தொட்டியில விட்டோமே. தின்னு ஏப்பம் விட்டுடுச்சு. இன்னும் கொஞ்சத்தைத் திரும்பக் கடல்லயே கொண்டுபோய் வெச்சோம். அங்கயும் மீனுக்கு விருந்துதான். விஷம் சுரக்கிறதே அதுக்கு மறந்துபோச்சு.

வேற இடத்துல தேடிட்டுத்தான் இருக்காங்க. பார்க்க இதே மாதிரி இருக்கு, உள்ள ஒண்ணும் இல்லை. லேப்லயே செயற்கையா செஞ்சுக்கலாம்ங்கறாரு டைரக்டர். செய்யலாம், யார் வேண்டாம்னா? வருஷக்கணக்கா ஆகும். அந்த நாலஞ்சு பேருக்குக் கட்டி மறுபடி வளர ஆரம்பிச்சாச்சு.

படத்துக்குக் கீழ என்ன எழுதப் போறாங்க? நம்பிக்கையின் தொட்டியா? பிரமாதம். எந்த மகராசன் யோசிச்சது? அதை இந்த வராந்தாவிலதானே மாட்டப் போறாங்க?

ஆஸ்பத்திரியிலயா? எந்த வார்டு?

ஓ. புற்றுநோய் வார்டுலயா. பார்க்கிறவங்களுக்குத் தெம்பா இருக்கட்டும்னா.

அப்படின்னா ஒரு உதவி பண்ணுங்க. என்னை விட்டுட்டுத் தொட்டியை மட்டும் எடுத்துக்கோங்க. கூச்சமெல்லாம் ஒண்ணும் இல்லை. அந்த வார்டுல ஜன்னலோரக் கட்டில்ல கிடக்கிறவன் என் தம்பி. தினம் சாயங்காலம் போறேன். அடுத்த ஊசி எப்பக்கான்னு கேக்கறான். தொட்டியில வளருதுடா, வந்துடும்னு சொல்லி வெச்சிருக்கேன். நான் பொய்யா சிரிச்சா உங்க கேமராவுக்குத் தெரியாதுங்க. அவனுக்குத் தெரிஞ்சுடும்.