வெள்ளமணலில் அறுபத்திரண்டு பேர்

ராமநாதபுரத்தில் அந்த வருஷம் ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் குறைவு. நான் அவர்களில் ஒருவன். ஏசி எங்களுக்காக இல்லை, கம்ப்யூட்டர்களுக்காக. இருந்தாலும் வெயில் காலத்தில் அது பெரிய வசதிதான்.

2006. வாக்காளர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை ஒரு சென்னைக் கம்பெனி எடுத்திருந்தது. அதன் ராமநாதபுரம் அறைக்கு நான் பொறுப்பு. பெயர் நாகநாதன். இதெல்லாம் உங்கள் விசாரணைக் காகிதத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாததைச் சொல்கிறேன்.

ஆவணியில் மேலாளர் வந்தார். மரியாதையான மனிதர். கடலாடி பக்கம் வெள்ளமணல் என்ற மீனவர் ஊரின் பட்டியலைத் திறக்கச் சொன்னார். அங்கே ஊராட்சித் தலைவர் பதவிக்குச் சண்முகவள்ளி என்ற பெண் நிற்கவிருந்தாள். அவளுக்கு ஓட்டுப் போடக்கூடியவர்கள் யார் யார் என்று எங்கள் கம்பெனி வீடு வீடாகக் கேட்டு எழுதி வைத்திருந்தது.

"அதுல அறுபது பேர் பட்டியல்லருந்து போனாப் போதும்," என்றார்.

"அந்தப் பொம்பள மேல என்ன சார் கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல நாகநாதன். யார் ஜெயிச்சாலும் நமக்கு ஒண்ணுதான். முடிவை நம்மால மாத்த முடியும்னு காட்டணும். வெளிநாட்டிலருந்து பாக்க வர்றாங்க. ஒரு ஊர்ல முடிஞ்சா ஒரு நாட்டுலயும் முடியும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எந்தப் புது இயந்திரத்தையும் முதலில் சின்னதாக ஓட்டித்தானே பார்ப்பார்கள்.

ஒரு பெயரை நீக்கக் காரணம் போட வேண்டும். இடம் மாறியவர் என்று போட்டால், எங்கே போனார் என்று யாராவது கேட்பார்கள். இறந்தவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் கேட்டதற்கு இரண்டு கூடவே எடுத்து, அறுபத்திரண்டு பேருக்கும் இறந்தவர் என்றே போட்டேன். அது மேலாளர் சொன்னதல்ல, என் யோசனை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்தது.

சண்முகவள்ளி பத்தொன்பது ஓட்டில் தோற்றாள்.

பட்டியல் அதோடு நிற்கவில்லை. ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் பட்டியல்களையும் எங்கள் கம்பெனிதான் எடுத்திருந்தது. ஒன்றில் இறந்தவர் மற்றவற்றிலும் இறந்துபோனார்.

உலகம்மாள் கார்த்திகையில் வந்தார். எழுபது வயதுக்கு மேல். கடல்பாசி எடுத்துப் பிழைத்தவர், துணைக்கு ஆள் கிடையாது.

"தம்பி, தபால்காரன் நீ செத்துட்டேங்கிறான். ரேஷன் கடையிலயும் அதையே சொல்றாக. இங்கனதான் எழுதுறீகளாம். நான் உசிரோட இருக்கேன்னு போட்டுருப்பா."

"சென்னையிலதான் மாத்தணும் ஆத்தா. பெறகு வாங்க."

"மீன் வண்டியில ஏறி வாரேன் தம்பி. பஸ்ஸுக்குக் காசு இல்ல."

சென்னையில் மாற்ற ஒன்றுமில்லை. பட்டியல் என் மேசையிலேயே இருந்தது. ஓர் எழுத்தை மாற்றினால் போதும். ஆனால் ஒருவருக்கு மாற்றினால் மற்ற அறுபத்தொரு பேரும் வாசலில் வந்து நிற்பார்கள்.

மார்கழியில் மூன்றாம் தடவையாக வந்தார். பாதியாக இளைத்திருந்தார். அதற்குள் சண்முகவள்ளி மேலதிகாரிகளிடம் புகார் கொடுத்திருந்தாள். அதை விசாரித்து அறிக்கை எழுதும் வேலையும் எங்கள் கம்பெனிக்கே வந்திருந்தது. அன்று நான் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

உலகம்மாள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அவர் நிறுத்தாமல் குடித்தார். நான் அறிக்கையில் அவருடைய வரிக்கு வந்திருந்தேன். 'உலகம்மாள். நேரில் விசாரித்ததில் இறந்தது உறுதி.'

"என்ன தம்பி எழுதுறே?"

"உங்களப் பத்தித்தான் ஆத்தா."

"நல்லா இருப்பே," என்று கைகூப்பிவிட்டுப் போனார்.

தை மாதம் பத்தாம் தேதி வெள்ளமணல் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. உலகம்மாளின் குடிசை பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் சண்முகவள்ளி வலையை உதறிக்கொண்டிருந்தாள்.

"பொங்கலுக்கு மொத நாளு போயிருச்சு போல. கஞ்சி குடுத்தா வாங்காது, என் பென்ஷன் வந்துரும்டீங்கும். ரெண்டு நாள் கழிச்சுத்தான் கதவத் தெறந்து பாத்தோம். நீங்க யாரு?"

"பென்ஷன் விஷயமா வந்தேன்," என்றேன்.

அன்றிலிருந்து என் ஏசி அறையில் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்கிறது. மடக் மடக்கென்று தொண்டையில் இறங்கும் சத்தம். எல்லா இயந்திரங்களையும் அணைத்துப் பார்த்தேன். அப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது.

நீங்கள் இதற்குக் கொலை என்று பெயர் வைக்கிறீர்கள். நான் கையெழுத்துப் போட்ட அறிக்கையில் உலகம்மாளின் வரியை ஒருமுறை படித்துப் பாருங்கள். தேதியைத் தவிர அதில் பொய் எதுவும் இல்லை.