மலைமேல இருக்கற சாமி பேரு

— ஆப்பரேசனே பண்ணலீங்க, அதுக்கு எதுக்குங்க ஆயிரத்து—

— பாரும்மா, கத்தாதே. பில்லுல இருக்கு. குடலிறக்க ஆப்பரேசன், ஆயிரத்து எண்ணூறு. மயக்க மருந்து தனி.

— எங்கூட்டுக்காரருக்கு மஞ்சக்காமாலைங்க. ஒடம்புல கத்தியே படலீங்க. மருந்துக்கடைக்காரர் இந்தச் சீட்டைப் படிச்சுச் சொன்னதுக்கப்புறந்தான் எனக்கே தெரியும்.

— அவருக்கென்ன தெரியும்? பாரும்மா, பேரு மருதாசலம், ஊரு எருமப்பட்டி. சரியா?

— ஊரு சரிங்க. பேரு அதில்லீங்க.

— நீதானம்மா சேர்த்த அன்னிக்குச் சொன்னே!

— நான் எங்கீங்க சொன்னேன்? மலைமேல இருக்கற சாமி பேருன்னேன். நீங்களே மருதாசலமான்னு கேட்டீங்க. இல்லீங்கன்னு தலையை ஆட்டுனேன். நீங்க குனிஞ்சு எழுதிட்டிருந்தீங்க.

— நல்லா இருக்கு போ! மலைக்கு மலை சாமி இருக்கு. மாடியில இன்னொரு மருதாசலம் இருக்காரு, அவரு கணக்குதான் இதுல ஏறியிருக்கும். சரி, உம் புருசன் பேரைச் சொல்லு, மாத்தித் தரேன்.

— மருதமலை இல்லீங்க. திருச்செங்கோட்டு மலைங்க.

— விடுகதை போட இதுவா எடம்? பின்னால எத்தனை பேரு நிக்கறாங்க பாரு.

— நாக்கு வரமாட்டேங்குதுங்க சாமி, கோவிச்சுக்காதீங்க. காமாலைக்கு உண்டானதைக் கட்டறதுக்கு முடிச்சுல காசு இருக்குங்க. பில்லைக் கட்டாம அவுங்களை அனுப்பமாட்டேன்னு மேல சொல்றாங்க. வாசல்ல வாடகைக் காரு நிக்குது. வெயிலேறறதுக்குள்ள ஊடு போய்ச் சேரணுங்க.

— சேர்ந்துட்டாப் போச்சு. நேத்து எனக்கு லீவு, இப்பத்தான் வந்து உக்கார்றேன், வந்ததும் வராததுமா நீ. ஏம்மா, பேரைச் சொன்னா புருசன் ஆயுசு கொறைஞ்சிருமாக்கும்?

— ஆமாங்க.

— அட, எம் பொண்டாட்டி நாளைக்கு நூறு தரம் எம் பேரைக் கூப்பிடறா. கல்லாட்டம் உக்காந்திருக்கேன் பாரு! ஊருக்குப் போனதும் மோர்ச்சோறாப் போடு, எண்ணெயைக் கண்ணுல காட்டாதே. அடுத்த மாசம் ஏர் ஓட்டுவாரு. ம், சொல்லு, சொல்லு.

— எழுதிக்குங்க சாமி... செங்கோட்டையன். பத்தொம்பது வருசமா சொல்லாத பேருங்க. விடியக்காலம் நாலு மணிக்கே போய்ட்டாங்க... இனிக் கொறையறதுக்கு ஆயுசு ஏதுங்க?