கடலுக்கு முதல் வீடு

எண்ணூரிலிருந்து வந்த பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவர் எழுவதும் உட்காருவதுமாக இருந்தார்.

"உன் வூடு கடல்ல போனதுக்கு எனக்கு ரேட்டு ஏத்திட்டான்க்கா."

மூத்தவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாடி சொல்ற?"

"முன்னாடி நீ இருந்த, பின்னாடி நான் இருந்தேன். இப்போ கடலுக்கு மொத வூடு என்னுது. வூட்டு இன்சூரன்ஸுக்கு ரெண்டு மடங்கு கேக்குறான். வாணாம்னு சொல்லிட்டு வரத்தான் போய்கினு கீறேன்."

"நானும் அப்டித்தான் வாணாம்னு வுட்டேன். அந்த வருசமே புயல் வந்துச்சு."

இளையவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இன்சூரன்ஸ் கட்டுனா மட்டும் கடல் நின்னுடுமா?"

"நிக்காது. ஆனா அந்தப் பணம் வந்தா, என்ன மாதிரி வாடகை வூட்ல ஒரு ஆணி அடிக்க, வூட்டுக்காரம்மாவ கேட்டுகினு நிக்க வேணாம்."

ராயபுரத்தில் இளையவர் எழுந்தார். படி வரை போய்த் திரும்பி வந்தார்.

"நீயும் வாக்கா. தவணையா கட்டலாமான்னு நீ கேளு. நான் கேட்டா அழுதுடுவேன்."

மூத்தவர் கையில் பாரிமுனை வரைக்குமான டிக்கெட் இருந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு அவரும் இறங்கினார்.