மிஸ் கார்னுக்கு நான் வாசித்த ஐந்து புத்தகங்கள்

சத்தமாகப் புத்தகம் வாசிக்கும்போது எனக்குத் திக்காது. பேசும்போதுதான் திக்கும். அதனால் இதை எழுதியே தருகிறேன். உங்களுக்கும் நேரம் மிச்சம்.

என் பெயர் டென்சில் ட்ரெமெய்ன். அறுபத்தாறு வயது. துறைமுகத்தில் படகுகளுக்குச் சாயம் அடித்துப் பிழைத்தவன். மிஸ் லவ்டே கார்ன் எனக்கு ஏழு வயதில் பள்ளி ஆசிரியை. இரண்டு வருடம் கழித்து 'உப்பு வாயில்' கதை வரிசையின் முதல் புத்தகத்தை எழுதினார். இங்கிலாந்தில் அதைப் படிக்காத வீடு குறைவு. வெள்ளீயச் சுரங்கத்துக்குள் ஒரு சேற்றுப் பூதம் வருமே, டட்டர். தன் பெயரைச் சொல்லவே பத்து முறை திக்குவான். அவன் யார் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் வானொலி நாடகம். டட்டர் திக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு தவளை கத்தும். பிறகு தொலைக்காட்சி. எனக்கு முப்பது வயதில் சினிமா. ஒவ்வொரு முறையும் அவன் திக்கல் நீண்டுகொண்டே போனது. சினிமா வந்த வருடம் எனக்குக் கல்யாணம். தேவாலயத்தில் உறுதிமொழி சொல்ல வாய் திறந்து என் பெயரிலேயே மாட்டிக்கொண்டேன். பின் வரிசையிலிருந்து ஒருவன், "உட்காருங்கப்பா, டட்டர் முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்" என்றான். மணப்பெண்ணும் சிரித்தாள். அதற்காக நான் அவளைக் குறை சொன்னதில்லை. நான்கு வருடம் என்னோடு இருந்தாள்.

அந்தப் புத்தகங்களை நான் படித்ததே இல்லை. ஊரே எனக்குப் படித்துக் காட்டியது.

போன வசந்தத்தில் மிஸ் கார்னுக்குத் தொண்ணூற்றொரு வயது. கண் முழுதாகப் போய்விட்டது. கதையைப் புதிய தொடராக எடுக்கக் கேட்டு வந்திருந்தார்கள். சம்மதம் சொல்லும் முன் ஐந்து புத்தகங்களையும் மறுபடி கேட்க ஆசைப்பட்டார். என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏ-ஏன் மிஸ், நா-நான்?"

"வாசிக்கிறப்ப உனக்குத் திக்காதே. அதைக் கண்டுபிடிச்சதே நான்தான். இந்தத் தடவையாவது டட்டரைச் சரியா எடுக்கச் சொல்லணும், டென்சில்."

சரியாக என்றால் இன்னும் சிரிப்பாக என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் சின்ன மாற்றம்தான். சிவப்புப் படகை நீலமாக வாசித்தேன்.

"சிவப்பு இல்ல?"

"நீ-நீலம்னுதான் போட்டிருக்கு, மிஸ்."

இரண்டாம் புத்தகத்தில், கதையில் வரும் அண்ணன் தன் தங்கையை எதிரிகளிடம் விட்டுவிட்டு ஓடுவதாக வாசித்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நான் அப்படி எழுதவே மாட்டேன்."

"தொ-தொண்ணூத்திரெண்டாம் பக்கம், மிஸ். யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லட்டுமா?"

நாற்காலியைத் தடவி மறுபடி உட்கார்ந்தார். "வேணாம். மெரியலுக்கு மட்டும் தெரிய வேணாம்."

மெரியல் அவருடைய தங்கை மகள். மிஸ்ஸுக்கு நினைவு தடுமாறுகிறது என்று அன்று மாலையே அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன், வருத்தத்தோடுதான். மருத்துவர் வந்து, பேச்சுக் கொடுப்பதற்காக அவருடைய கதையையே கேட்டார். அவர் எழுதியதும் நான் வாசித்ததும் ஒன்றோடொன்று கலந்து வெளியே வந்தன. கோடை முடிவதற்குள் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். தொடருக்கான கையெழுத்தை மெரியல் போட்டாள்.

நான் அங்கேயும் தினமும் மதியம் போனேன். அவருக்குப் பிடித்த குங்குமப்பூ ரொட்டி வாங்கிப்போவேன். தன் கதையில் வருகிறவர்களின் பெயரை விரல்விட்டு எண்ணிச் சொல்லி, "சரிதானே?" என்பார். சரியாகச் சொன்ன நாட்களில், இல்லை என்றேன்.

எங்கே எதை மாற்றுவது என்று முந்தின நாளே பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொள்வேன். அந்தக் குறிகளை மெரியல் உங்களிடம் காட்டியிருப்பாள். ஐந்தாம் புத்தகத்தை அப்படித்தான் திறந்தேன். வானொலி, தொலைக்காட்சி, சினிமா எல்லாமே மூன்றாவது புத்தகத்தோடு நின்றுவிட்டவை. ஐந்தாவதில் என்ன இருந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

சுரங்கத்தில் வெள்ளம் புகுகிறது. டட்டர் இரண்டு குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே வருகிறான். நீ யார் என்று அரசி கேட்கிறாள். அவன் தன் பெயரைச் சொல்லத் தொடங்குகிறான். ஒரு பக்கம் முழுக்கச் சொல்கிறான். ஒரு படையே வாய் திறக்காமல் காத்து நிற்கிறது. அவனுக்காக யாரும் சொல்லி முடிக்கவில்லை. புத்தகத்தின் முன்பக்கத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தது: 'டென்சிலுக்கு. அவசரமே இல்லை.'

சமையலறையில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தேன். பிறகு பென்சிலை எடுத்தேன்.

மறுநாள் வாசித்தேன். குழந்தைகள் ஏணியில் ஏறிவிடுகிறார்கள். டட்டர் கூப்பிடப் பார்க்கிறான், வார்த்தை வரவில்லை. தண்ணீர் மூடிக்கொள்கிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல. அவனை நான் வெளிய கொண்டுவந்தேனே."

"மூ-மூழ்கிட்டான், மிஸ்."

"நானா அப்படி எழுதினேன்?"

"நீ-நீங்கதான்."

காற்றில் துழாவி என் கையைப் பிடித்தார். "என்னை மன்னிச்சிடுப்பா, டென்சில்."

அன்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை. பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார்.

உண்மையைச் சொல்ல அத்தனை நாள் இருந்ததே என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். இருந்தது. ஒரு நாள்கூடத் தவறாமல் போனேன். ஒருவேளை வேறு மாதிரி இருக்குமோ என்று தினமும் அதே அத்தியாயத்தைத்தான் வாசிக்கச் சொன்னார். அந்த வயதில் அவரை மேலும் குழப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் பதினோரு முறையும் அவனை மூழ்கடித்தேன்.