சைபர் கிலோ

எழும்பாதீங்க உசனார் நானா, படுத்துக்கிட்டே கேளுங்க. தொண்ட புண்ணா இரிக்கு, கதைக்க வேணாமெண்டு நேர்ஸ் சொன்னா. நான் இஸ்ஸதீன், நம்மட படகுச் சங்கத்துல கொம்பியூட்டர் பாக்கிறவன். ஓம், அந்தக் கண்ணாடிக்காரன்தான். மாம்புரியில இரிந்து ரெண்டு பஸ் மாறி வாறேன். செவ்விளநீர் கொண்டாந்தேன், மெதுவாக் குடிங்க.

ரெண்டு நாள் எஞ்சின் செத்து நடுக்கடல்ல கிடந்திரிக்கீங்க, ஒரு போட்டும் தேடி வரல்ல. வீட்டாக்கள் நீங்க கரையில மீன் வாடியில தங்கிட்டீங்கண்டு இரிந்திட்டாங்க. சங்கத்துத் திரையில உங்கட போட் கரைக்கு வந்திட்டு, மீன் சைபர் கிலோ எண்டு காட்டிச்சி. இப்ப கரையெல்லாம் முஃப்லிஹாவத்தான் ஏசுறாங்க. நம்மட ஜௌபர்ட மகள், போட் கணக்கெல்லாம் கொம்பியூட்டர்ல புதுசா எழுதினவ. நாளைக்குக் கூட்டம் வெச்சி அவவ வேலையால நிப்பாட்டப் போறாங்க.

இல்ல நானா, அழாதீங்க. உங்கட எஞ்சினால வந்த வினையில்ல இது.

அவ வந்து எட்டு மாசம். அதுக்கு முந்திப் பன்னெண்டு வருஷம் நான் மட்டுந்தான். வந்த முதல் கிழமையே, நான் பதினாலு வரியில எழுதினத்த ஒரு வரியில எழுதிட்டா. ஒரே ஒரு வரி! நான் ஒண்ணு ரெண்டு மூணெண்டு போட்டுகள எண்ணிச் சுத்திச் சுத்தி வருவேன். அவ, வராத போட்டெல்லாம் எடுத்துக் காட்டு எண்டு சொன்ன மாதிரி எழுதுறா, அது காட்டுது. தலைவர் எனக்கு முன்னால வெச்சே மாஷா அல்லாஹ் எங்கிறார். என்ட வயிறு பத்தி எரிஞ்சிச்சி நானா.

அந்தப் புது முறையப் படிக்கல்லயாண்டு கேக்கிறீங்களா? படிச்சேன். வீட்டுல கதவச் சாத்திக்கிட்டுப் படிச்சேன். மூள விளங்கிக்கிடும், கை கேக்காது. புதுசா எழுதுவமெண்டு குந்தினா, விரல் தானாப் பழையத்தத் தட்டும்.

இந்த சைபரும் அப்பிடித்தான். அந்தக் காலத்துல ஒரு கட்டத்த வெறுசா உட்டா ப்ரோக்ராம் படுத்திரும். அதால விவரம் வராட்டி சைபரப் போடுறது எனக்குப் பழக்கம். இப்பத்த கொம்பியூட்டர் மொழியில வெறுசாவே உடலாம். வெறுசெண்டா போட் இன்னும் வரல்ல, சைபரெண்டா வந்திட்டு, மீன் இல்ல. ரெண்டும் ஒண்ணா? அவ வெறுசாத்தான் உட்டிரிந்தா. போன செவ்வாக்கிழமை அவ லீவு. நான் அவ எழுதினதுக்குள்ள போய், எல்லா வெறுசுக்கும் சைபரப் போட்டேன்.

ஓம் நானா. நாந்தான்.

இல்ல, அப்பிடித் தலையாட்டாதீங்க. பழக்கதோசம், தெரியாமச் செஞ்சிட்டான் எண்டு மன்னிச்சிராதீங்க. தலைவர்ட்டயும் அதச் சொல்லித் தப்பலாமெண்டுதான் பஸ்ஸேறினேன். இந்த ஆசுபத்திரிக்கெண்டு சிலாபத்துல இறங்கக்குள்ள, அந்தப் பொய்யச் சொல்ல ஏலாமப் போச்சி.

அந்த எடத்துல அந்தப் புள்ள எனக்கெண்டே ஒரு குறிப்பு எழுதி வெச்சிரிந்தா நானா. இஸ்ஸதீன் சேர், இதுல சைபர் போட்டா கடல்ல நிக்கிற போட்ட யாரும் தேட மாட்டாங்க, தயவுசெய்து போடாதீங்க எண்டு. நேத்து வந்த புள்ள எனக்குச் சொல்லித் தாறாவோ எண்டு பத்திக்கிட்டு வந்திச்சி. ரெண்டு தரம் வாசிச்சேன். வாசிச்சிட்டுத்தான் அழிச்சேன்.