காற்று எதிர்ப்பக்கம்

கூட்டத்தில் நான் யார் பேச்சையும் குறுக்கே வெட்டியதில்லை. விசாரித்துப் பாருங்கள், சொல்வார்கள். முட்டாளைப் பேசவிட்டால் அவனே தன் குழியை வெட்டிக்கொள்வான். நாம் மண்வெட்டி தூக்க வேண்டியதில்லை.

பனியாற்றின் அடிவாரத்தில் இருக்கும் அந்த ஏரியைக் கண்காணிக்க எனக்கு மூன்று பேரைக் கொடுத்தார்கள். ஓட்டுநர் சாதிர், வாயை மட்டும் வைத்துப் பிழைப்பவன். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மெதெத், நான் தலையாட்டினால் தானும் ஆட்டுவான். அளவெடுக்கும் புருல், ஆறு ஆண்டு படித்து 'தெரியவில்லை' என்ற ஒரே சொல்லைக் கற்றுக்கொண்டு வந்தவள்.

ஜூலையில் ஏரியின் நீர்மட்டம் ஏறத் தொடங்கியது. அதன் கரை கல்லும் மண்ணும் கலந்த மேடு, உள்ளுக்குள் பனிக்கட்டி. அது எவ்வளவு உருகியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில்தானே தலைவன் வேண்டும்? தெரிந்த வழியில் கழுதைகூட முன்னால் போகும்.

புருல் பொழுதுக்கும் அளவுகோல் பக்கத்திலேயே நிற்பாள்.

"என்ன புருல், அந்தக் குச்சியையே கட்டிக்கிட்டியா?" என்பான் சாதிர்.

"குச்சி உன்ன மாதிரி புளுகாதுல்ல."

அவள் நச்சரிப்புத் தாங்காமல் ஒருமுறை சைரனை ஒலிக்கவிட்டேன். பொத்தான் எங்கள் கூடாரத்தில், சைரன் மூன்று கிலோமீட்டர் கீழே, காரா-புலாக் கிராமத்துப் பள்ளிக்கூடக் கூரையில். ரொட்டியை அடுப்பில் போட்டது போட்டபடி ஊரே மேட்டுக்கு ஓடியது. ஏரி அசையவில்லை. மறுநாள் சாதிரோடு அந்த ஊருக்குக் குதிரைப்பால் வாங்கப் போனேன்.

"இன்னிக்கு எத்தன மணிக்கு ஓடணும், அண்ணே? மாவு பிசையறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள் கடைக்காரி.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சாதிரும் சிரித்தான்.

அன்று மாலை பொத்தானுக்குப் போகும் பேட்டரிக் கம்பியைக் கழற்றினேன். கோபத்தில் செய்ததல்ல. பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் குழு யோசிக்காது, பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணிக்குப் புருல் ஓடி வந்தாள்.

"கரைக்கு அடியில கலங்கலாத் தண்ணி வருது, அண்ணே. நேத்து இல்ல. ஊரக் கிளப்பிடணும்."

"உடையுமா, உடையாதா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

"தெரியல. தெரியாததாலதான் கிளப்பச் சொல்றேன்."

மெதெத், அந்தத் தலையாட்டி, என்னைக் கேட்காமலே பொத்தானை அமுக்கினான். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கீழேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

கம்பியை மாட்ட அரை நிமிடம் போதும். ஆனால் அவர்கள் கண்ணெதிரே மாட்ட வேண்டும். நிலைமை நிச்சயமில்லாத நேரத்தில் தலைவன்மேல் நம்பிக்கையும் போய்விட்டால் ஒரு குழு என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

"ஊதுது. காத்து எதிர்ப்பக்கம், நமக்குக் கேக்காது" என்றேன்.

சாதிர் மூச்சு விட்டான். மெதெத் தலையாட்டினான். புருல் மட்டும் வாசலுக்கு வெளியே புல்லைப் பார்த்தாள். புல் அசையாமல் நின்றது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சரிவில் இறங்கி ஓடினாள். ஜீப் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

நாங்கள் தேநீர் குடித்தோம். அரை மணி நேரத்தில் கரை உடைந்தது.

அவள் பதினேழு வீட்டுக் கதவைத் தட்டினாளாம். அந்த வீடுகளில் எல்லோரும் பிழைத்தார்கள். ஆற்றோரத் தெருவுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீரும் வந்து சேர்ந்தது. அவளோடு சேர்த்து முப்பத்தொரு பேர்.

கம்பியைக் கழற்றியவன் நான். கழன்று கிடக்கிறது என்று தெரிந்தே மாட்டாமல் இருந்தவனும் நான். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதுங்கள். என் சொல் கேட்டு என்னோடு உட்கார்ந்திருந்த இருவரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். என் குழுவில் நான் இழந்தது, என்னை நம்பாத ஒருத்தியை மட்டும்தான்.