கடல் ஏறும் முகூர்த்தம்

மகளுக்கு அமைந்த வரன் சென்ற வாரம் தட்டிப்போனதிலிருந்து, கல்யாணப் பேச்சு எங்கே கேட்டாலும் என் காது அங்கே போய்விடுகிறது. சயானைத் தாண்டி ரயில் உப்புச் சதுப்பின் ஓரமாகப் போகையில், எதிரே இருந்த தாராவிக்காரரிடம் அவருடைய நண்பர் கேட்டார்:

“ஏன்வே, சதுப்புல கடல் ஏறுற நேரத்துலயா மகளுக்கு முகூர்த்தம் வச்சிருக்கீரு? உம்ம வீட்டுப் பாதையே முங்கிருமே!”

“மாப்பிள்ளை வீட்டாரை விடியுமுன்னே கூட்டிட்டு வந்துருவேன்.”

“திரும்பிப் போறது?”

“சாயங்காலம், தண்ணி வத்துனப்புறம்.”

“நடுவுல கோவிச்சுக்கிட்டுக் கிளம்புனா?”

“எங்கவே கிளம்புவாவ? சுத்திக் கடல்லா! மூத்தவ கல்யாணத்தை மாட்டுங்காவுல வச்சேன். வாசல்லயே டிராம். காப்பி ஆறிப்போச்சுன்னு, தாலி கட்டாமலே ஏறிப் போயிட்டாவ.”